சாக்கோ பள்ளத்தாக்கில் ஒரு பகல்: ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் கூடும் நண்பர்கள் நால்வர், சனிக்கிழமை ஒரே பகலில் சாக்கோ பள்ளத்தாக்கில் உள்ள, புவெப்லோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய இடிபாடுகளையும், அங்கிருந்து பக்கத்து மாநிலமான கொலராடோவின் மேசா வெர்டே இடிபாடுகளையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப முடியுமா, சாக்கோவில் இருப்பவை உடைந்த சுவர்கள் மட்டுமே, இரண்டு மணி நேரம் போதும் என்று சிலர் சொல்வது சரிதானா? இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரமும் போதாது; அந்த உடைந்த சுவர்களைப் பார்த்து முடிக்க ஒரு முழுப் பகலே குறைவு. நியூ மெக்சிகோவில் வசிக்கும் இத்தனை ஆண்டுகளில் நான் அங்கு ஆறு முறை போயிருக்கிறேன். முதல் முறை வரைபடத்தில் குறித்த எல்லா இடங்களிலும் கால்மணி நேரம் நின்று நின்று ஓடினோம். வீடு திரும்பியபோது எந்தச் சுவர் எந்த இடத்தில் இருந்தது என்பதே எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆகையால் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். மேசா வெர்டேயை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கோவிலும் புவெப்லோ போனிட்டோ என்னும் ஒரே பெருவீட்டுக்கு நாளின் பெரும்பகுதியைக் கொடுங்கள். அதை ஒரு முறை உள்ளே நடந்தும், இன்னொரு முறை அதன் பின்னாலுள்ள பாறை விளிம்பில் ஏறி மேலிருந்தும் பாருங்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கு பயணம் கெடுவது பெரும்பாலும் வழியில்தான். ஆல்புகர்க்கியிலிருந்து ஏறத்தாழ 150 மைல். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. 550ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்காகச் சென்று, நகீசி என்னும் ஊருக்கு மூன்று மைல் முன்பாகவே 7900ஆம் எண் கவுண்டி சாலையில் திரும்ப வேண்டும். அங்கிருந்து 21 மைல். அதில் 8 மைல் தார்ச்சாலை, மீதி 13 மைல் மண்சாலை. கைப்பேசி வரைபடம் சில வேளை தெற்கிலிருந்து வரும் குறுக்குவழிகளைக் காட்டும். அவற்றை நம்ப வேண்டாம். மண்சாலை காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரே மெதுவாகப் போய்விடும், ஆனால் மழை பெய்தால் அது வழுக்கும் களிமண்ணாகிவிடும். ஒரு செப்டம்பரில் நானும் மூன்று நண்பர்களும், முந்தைய இரவு பெய்த மழையைப் பொருட்படுத்தாமல், பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் விசாரிக்காமலேயே கிளம்பினோம். ஓர் ஓடைக் கடவில் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்து, ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அந்தப் பக்கத்தில் வசிக்கும் நவஹோ பழங்குடிப் பெரியவர் ஒருவர் தம்முடைய பிக்கப் வண்டியில் சங்கிலி கட்டி எங்களை இழுத்து வெளியே விட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்று நாங்கள் திரும்பி வடக்கே ஆஸ்டெக் இடிபாடுகளுக்குப் போனோம். நீங்களும் அதை மாற்றுத் திட்டமாக வைத்திருங்கள்: முழுக்கத் தார்ச்சாலை, சாக்கோ மரபிலேயே கட்டப்பட்ட பெருவீடு, 1934இல் தொல்லியலாளர் ஏர்ல் மோரிஸ் மீட்டெடுத்துக் கூரையிட்ட பெருங்கிவா (சடங்குக்கும் கூட்டத்துக்கும் உரிய பெரிய வட்ட அறை) ஆகியவை அங்கே உள்ளன. ஆஸ்டெக் என்ற பெயர் மட்டும் பிழை. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் கட்டியவை என்று குடியேறிகள் தவறாக எண்ணியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சாக்கோவில் உணவுக்கடையோ பெட்ரோல் நிலையமோ இல்லை. குடிநீர் பார்வையாளர் மையத்தில் மட்டுமே கிடைக்கும். கைப்பேசித் தொடர்பையும் நம்பியிருக்க முடியாது. 550ஆம் சாலையில் உள்ள கியூபா என்னும் சிற்றூரில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்லுங்கள். வாடகைக் கார் என்றால் மண்சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. நிழலே இல்லாத வெயிலும், பொழுது சாய்ந்ததும் சட்டென்று இறங்கும் குளிரும் ஒரே நாளில் வரும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்புண்டு.

ஆல்புகர்க்கியிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணியளவில் பார்வையாளர் மையத்தில் இருப்பீர்கள். பாறைச்சுவரின் மேல்தளத்தில் செல்லும் நடைபாதைகளுக்கான இலவச அனுமதிச் சீட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் உள்ளே 9 மைல் தார்ச்சாலை வட்டமாகச் சுற்றி வருகிறது. வழியில் வரும் ஹுங்கோ பாவி என்னும் பெருவீட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு, நேரே செட்ரோ கெட்ல் என்னும் இன்னொரு பெருவீட்டின் நிறுத்தத்தில் காரை விடுங்கள். அங்கிருந்து பாறைச்சுவரை ஒட்டியே புவெப்லோ போனிட்டோவுக்கு ஒரு நடைபாதை உண்டு. அந்தப் பாறை நெடுகச் சுருள்களும் மனித உருவங்களும் விலங்குகளும் கொத்தப்பட்டிருக்கின்றன. பாறையில் வரிசையாகத் தெரியும் துளைகள், ஒரு காலத்தில் அதன்மீது சாய்த்துக் கட்டிய அறைகளின் விட்டங்கள் செருகிய இடங்கள். காரில் போய் இறங்குவதைவிட இப்படி நடந்து வந்து அந்த வீட்டின் பின்சுவரைத் திடீரென்று எதிர்கொள்வதே சரியான அறிமுகம் என்பது என் கருத்து.

புவெப்லோ போனிட்டோவின் வடிவத்தை வில்லும் நாணும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்சுவர் வில். தெற்கே முற்றத்தை மூடும் நேர்ச்சுவர் நாண். ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில், 600க்கும் மேற்பட்ட அறைகளோடு, சில பகுதிகளில் நான்கைந்து அடுக்கு வரை எழுந்த இந்த வீடு, பொ.ஆ. 850 அளவில் தொடங்கி 1130 அளவு வரை, கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளாகப் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. முற்றத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் வடக்கு தெற்காக ஏறக்குறைய வழுவாமல் நிற்கிறது. நாண்சுவரின் மேற்குப் பாதி அதேபோல் கிழக்கு மேற்காக ஓடுகிறது. திசைகாட்டிக் கருவி இல்லாமல், சூரியனையும் விண்மீன்களையும் பார்த்தே இட்ட கோடுகள் இவை.

உள்ளே நுழைந்ததும் புகைப்படம் எடுக்காமல், சுவரைப் படிக்கப் பழகுங்கள். வில்லின் நடுப்பகுதியில் உள்ள மிகப் பழைய சுவர்கள் ஒரு கல் அகலமே உடையவை. முரட்டுக் கற்களுக்கு இடையே தாராளமாக மண்சாந்து தெரியும். அப்படிப்பட்ட சுவர் உயரமாக எழும்ப முடியாது. அடுத்த தலைமுறையினர் வேறு முறை கண்டார்கள். நடுவில் கரடுமுரடான கல்லும் மண்ணும் நிரப்பி, இரு பக்கமும் தட்டிச் சீராக்கிய மெல்லிய மணற்பாறைப் பலகைகளை வரிசையாக அடுக்கினார்கள். கீழ்த்தளத்தில் தடிமனாகத் தொடங்கி ஒவ்வோர் அடுக்கிலும் மெலிந்துகொண்டே போகும் இந்தச் சுவர்தான் நான்கைந்து மாடிகளைத் தாங்கியது. முகப்புக் கற்களின் அடுக்குமுறை காலத்துக்குக் காலம் மாறியது: ஓரிடத்தில் பெரிய கற்களின் வரிசைகளுக்கு இடையே விரல் தடிமனுள்ள சில்லுகள் பட்டை பட்டையாக ஓடும், இன்னோரிடத்தில் சாந்தே தெரியாத அளவுக்கு மெல்லிய கற்கள் மட்டுமே நெருங்கியிருக்கும். இந்த வேறுபாடுகளை வைத்தே, எந்தச் சிறகு முந்தியது, எது பிந்தியது என்று அரைமணி நேரத்தில் நீங்களே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். நான்கு பேர் சேர்ந்து போவதன் பயன் இங்கேதான் தெரியும். ஒருவர் காணாத ஒட்டுக் கோட்டை இன்னொருவர் காண்பார். இவ்வளவு நேர்த்தியான கல்வேலையின் மேல் அவர்கள் மண்பூச்சுப் பூசி அதை மறைத்தார்கள் என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. பூச்சுக்கு உள்ளே போய்விடும் கல்லையும் இவ்வளவு கருத்தாக அடுக்கிய கொத்தர்கள் அவர்கள்.

அடுத்து மரத்தைப் பாருங்கள். தரைத்தளத்து அறைகளின் வழியாகப் பாதை செல்லும்போது, குனிந்து படி தாண்டி நுழைய வேண்டிய சிறு வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில அறைகளில் பழைய விட்டங்கள் இன்னும் இருக்கின்றன. மரமே அரிதான அந்தப் பள்ளத்தாக்கின் பெருவீடுகளுக்கு 2,00,000க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டிக் கொண்டுவரப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மரங்களின் வளைய அமைப்பை ஒப்பிட்டுச் செய்து 2016இல் வெளியான ஆய்வு, தொடக்கத்தில் தெற்கேயுள்ள சூனி மலைகளிலிருந்தும், பதினோராம் நூற்றாண்டில் மேற்கேயுள்ள சூஸ்கா மலைகளிலிருந்தும் மரம் வந்ததைக் காட்டியது. இரண்டுமே 75 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டவை. சக்கரமும் இல்லை, இழுக்கும் மாடும் குதிரையும் இல்லை. எல்லாம் மனிதத் தோளில் வந்தவை. இந்த வீட்டுக்கு ஆண்டுக் கணக்கு கிடைத்ததும் மரத்தால்தான். ஏ. ஈ. டக்ளஸ் என்னும் வானியலாளர் மர வளையங்களைக் கொண்டு இடிபாடுகளின் வயதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தியிருந்தார். ஆனால் அந்த வரிசை உண்மையான ஆண்டுகளோடு இணையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்னும் ஊரில் கிடைத்த கரிந்த விட்டத் துண்டு ஒன்று விடுபட்ட இடைவெளியை நிரப்பியது. அதன் பிறகு புவெப்லோ போனிட்டோவின் விட்டங்கள் தாங்கள் வெட்டப்பட்ட காலத்தைச் சொல்லக்கூடியவையாயின.

நீங்கள் நுழைய முடியாத அறைகளைப் பற்றியும் தெரிந்துகொண்டு போவது நல்லது. வடபகுதியில் 28ஆம் எண் இட்ட சிறிய அறையில் மட்டும் 111 உருளை வடிவ மண்சாடிகள் கிடைத்தன. வேறு அகழ்வில் கிடைத்த அத்தகைய சாடிகளின் ஓடுகளைச் சோதித்ததில், கொக்கோவின் எச்சம் இருப்பது 2009இல் வெளியானது. கொக்கோ விளையும் வெப்பமண்டல மெக்சிகோ அங்கிருந்து 1,000 மைலுக்கும் அப்பால் உள்ளது. இந்த வீட்டில் கிடைத்த செந்நிற மக்காவ் கிளிகளின் எலும்புகளும் அதே தெற்கிலிருந்து வந்த பறவைகளுடையவை. பக்கத்திலேயே 33ஆம் எண் அறை, இரண்டு மீட்டர் அகலமே கொண்டது. அதில் 14 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள், அவர்களில் ஒருவருடன் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லில் செய்த மணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1896க்கும் 1899க்கும் இடையில் நடந்த ஹைட் குழுவின் அகழ்வு இவற்றையெல்லாம் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. அப்படிப்பட்ட அகழ்வுகளைக் கண்டு எழுந்த எதிர்ப்பும் 1906ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு ஒரு காரணம். அதற்கடுத்த ஆண்டே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சாக்கோவைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தார்.

வீட்டின் வடகிழக்கு மூலையில் பெரும் பாறைத் துண்டுகள் அறைகளின்மேல் குவிந்து கிடப்பதைக் காண்பீர்கள். ஏறத்தாழ 100 அடி உயரமும் 30,000 டன் எடையும் கொண்ட ஒரு பாறைத்தூண் அங்கே மலையிலிருந்து பிரிந்து நின்றிருந்தது. அது விழக்கூடும் என்பது கட்டியவர்களுக்கே தெரியும். அதன் அடியில் கல்லும் மண்ணும் கொண்டு முட்டுக் கட்டிவைத்தார்கள், அதன் நிழலிலேயே வாழ்ந்தார்கள். அவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1941 ஜனவரி 22 அன்று அது சரிந்து சுமார் 30 அறைகளை நொறுக்கியது.

இவற்றைப் பார்க்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். சோறு உண்டு இளைப்பாறிய பின், மேலே ஏறுங்கள். புவெப்லோ ஆல்ட்டோ பாதை பாறைச்சுவரில் ஒரு செங்குத்தான பிளவின் வழியாகத் தொடங்குகிறது. கையூன்றி ஏற வேண்டிய அந்தப் பகுதி சிறிதுதான், அதன் பிறகு மேல்தளம் சமதரையாகிவிடும். முழுச் சுற்று 5 மைலுக்கு மேல் வரும், ஆனால் போனிட்டோவை நோக்கும் விளிம்பு வரை போய் வர 2 மைல் போதும். நடக்கும் பாறையில் விரல் பருமனில் குழல் குழலாகத் தெரிபவை கடல் உயிரினங்கள் மண்ணில் துளைத்த வளைகள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்தப் பாலைவனம் கடற்கரையாக இருந்தது.

விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போதுதான் வில்லும் நாணும் முழுதாகத் தெரியும். உள்ளே நடந்தபோது குழப்பமாக இருந்த அறைகள் வரிசைகளாக விரியும், நீங்கள் அடையாளம் கண்ட பழைய சுவர்கள் நடுவில் ஒரு சிறிய வளைவாக நிற்க, பின்னால் வந்தவர்கள் அதை இடிக்காமல் அதைச் சுற்றியே தங்கள் வீட்டை வளர்த்தது விளங்கும். வட்ட வட்டமான கிவாக்கள், அதாவது சடங்குக்கும் கூட்டத்துக்கும் உரிய, பெரும்பாலும் நிலத்தடியிலான அறைகள், மேலிருந்து எண்ணக்கூடியவை. சென்ற முறை எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்ததால், அவர் கீழே முற்றத்திலேயே இருந்துவிட்டார். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டுவதாக ஏற்பாடு. துண்டு தெரிந்தது, ஆள் ஓர் எறும்பளவுதான் தெரிந்தார். அவரைச் சுற்றி நின்ற சுவர்களின் அளவு அந்த நொடியில்தான் எங்களுக்குப் புரிந்தது. உங்களிலும் ஏற முடியாதவர் இருந்தால் இதையே செய்யுங்கள். அவருக்கும் நாளில் ஒரு பங்கு கிடைக்கும்.

பொழுது இருந்தால், எதிர்க்கரையில் உள்ள காசா ரின்கோனாடாவுக்குப் போங்கள். 60 அடிக்கு மேல் விட்டமுள்ள பெருங்கிவா அது. உட்சுவரைச் சுற்றித் திண்ணையும், வீடுகளில் விளக்கு வைக்கும் மாடங்களைப் போன்ற குழிவுகளும் உண்டு. உள்ளே இறங்க அனுமதி இல்லை, விளிம்பிலிருந்து பார்க்கலாம். ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைத் திருப்ப நாளின் காலை ஒளி ஒரு மாடத்தில் விழுவதைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். சுவரும் சாளரமும் இருபதாம் நூற்றாண்டில் செப்பனிடப்பட்டவை என்பதால் அதை நான் உறுதியான சான்றாகக் கொள்ளமாட்டேன். அதைவிட வலுவானது பள்ளத்தாக்கில் உள்ள ஃபஹாடா குன்றின் உச்சியில் பாறையில் கொத்திய சுருள். மூன்று பாறைப் பலகைகளின் இடுக்கில் நுழையும் ஒளிக்கீற்று கோடைத் திருப்ப நாளில் அச்சுருளின் நடுவை வெட்டியதை 1977இல் ஆனா சோஃபேர் என்னும் ஓவியர் கண்டறிந்தார். பின்னர் பலகைகள் நகர்ந்து அந்த ஒழுங்கு கெட்டுவிட்டதால் குன்றில் ஏறத் தடை உண்டு. சாலையிலிருந்தே பாருங்கள்.

கடைசியாக, பெயரையும் மனிதர்களையும் பற்றி. பழைய நூல்களில் அனசாசி என்ற சொல்லைக் காண்பீர்கள். அது நவஹோ மொழிச் சொல், பகைவரின் முன்னோர் என்ற பொருளில் வழங்கியது. புவெப்லோ மக்கள் அதை விரும்புவதில்லை. மூதாதைப் புவெப்லோ மக்கள் என்பதே இன்றைய வழக்கு. அவர்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1130ஐ ஒட்டித் தொடங்கிய நீண்ட வறட்சிக் காலத்தில் பெருவீடுகளின் கட்டுமானம் நின்றது, மக்கள் சிறிது சிறிதாக வேறிடங்களுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் ஹோப்பி, சூனி, அக்கோமா, லகுனா, ரியோ கிராண்டே ஆற்றோர ஊர்கள் எனப் பல இடங்களில் இன்றும் வாழ்கிறார்கள். 33ஆம் அறையில் இருந்தோரின் மரபணுவை ஆராய்ந்து, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய்வழியில் தொடர்ந்த ஒரு தலைமைக் குடும்பம் அது என்று 2017இல் அறிவித்தவர்கள், இந்தச் சமூகங்களைக் கலந்து பேசவில்லை என்ற கண்டனத்துக்கு ஆளானார்கள். 2025இல் வெளியான இன்னோர் ஆய்வு இதற்கு நேர்மாறாக, பிகுரிஸ் புவெப்லோ மக்கள் தாங்களே முன்வந்து ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நடத்தியது; சாக்கோவில் புதைக்கப்பட்டவர்களோடு அவர்களுக்கு உள்ள நெருங்கிய உறவை அது காட்டியது. ஆகவே, நீங்கள் போவது ஒருவருடைய முன்னோர் வீட்டுக்கு. சுவரில் ஏறுவதும் உட்காருவதும், பானை ஓட்டுச் சில்லைப் பையில் போட்டுக்கொள்வதும், மாடங்களில் காசோ கல்லோ வைப்பதும் வேண்டாம். தரையில் ஓர் ஓட்டுச் சில்லு கண்ணில் பட்டால், குனிந்து அதன் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அது கிடந்தபடியே விட்டுவிடுங்கள்.

வட்டச்சாலையின் வாயில் மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவைத்த ஹுங்கோ பாவியைத் திரும்பும் வழியில் பார்ப்பதென்றால், வட்டச்சாலையில் இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். அந்த 13 மைல் மண்சாலையில் வேலியில்லாத இடங்களில் மாடுகளும் குதிரைகளும் குறுக்கே நிற்கும். வெளிச்சம் இருக்கும்போதே தார்ச்சாலையை அடைந்துவிட வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, விளக்குகளை அணைத்து, இருட்டும்வரை சிறிது நேரம் காத்திருங்கள். சாக்கோ 2013 முதல் இருள்வானப் பூங்கா, அதாவது செயற்கை ஒளி கெடுக்காத இரவு வானத்துக்காக அங்கீகரிக்கப்பட்ட இடம். பால்வெளி மண்டலத்தை அந்தச் சாலையோரத்திலிருந்தே காணலாம்.